நாடியா பூலான்ஜேயின் கடிதங்களைச் சேகரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸில் பழைய கடிதங்கள், கச்சேரி நிகழ்ச்சித் தாள்கள், இசைத் தாள்கள் என்று தேடிச் சேர்ப்பது என் பழக்கம். அதிலும் பெரும்பகுதி நாடியா பூலான்ஜே என்ற ஒருவரைச் சுற்றியே. இதைச் சொன்னதும் நண்பர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

யார் இந்த நாடியா பூலான்ஜே? நான் பெயரே கேள்விப்பட்டதில்லையே.

1887 செப்டம்பர் 16 அன்று பாரிஸில் பிறந்து, 1979 அக்டோபர் 22 அன்று அதே ஊரில் இறந்தவர். இசையமைப்பாளர், ஆர்கன் வாசிப்பவர், ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர். எல்லாவற்றுக்கும் மேலாக ஆசிரியை. அவரைத் தெரியாதவர்களுக்கும் அவருடைய மாணவர்களைத் தெரிந்திருக்கும். அமெரிக்க இசைக்கு ஒரு முகம் கொடுத்த ஏரன் காப்லண்ட், எலியட் கார்ட்டர், பிலிப் கிளாஸ், டாங்கோவையே புதிதாக்கிய ஆஸ்டர் பியாசோலா, பிரெஞ்சு சினிமா இசையமைப்பாளர் மிஷேல் லெக்ரான், பின்னாளில் மைக்கேல் ஜாக்சனின் பாடல்களைத் தயாரித்த குயின்சி ஜோன்ஸ் என எல்லோரும் அவரிடம் படித்தவர்கள்.

பாடம் நடந்தது பெரும்பாலும் அவர் வீட்டு வரவேற்பறையில்தான். பாரிஸ் 9ஆம் வட்டாரத்தில் ரூ பல்யூ 36ஆம் எண் வீடு. 1904இல் குடியேறியவர் கடைசிவரை அங்கேயே இருந்தார். புதன்கிழமை மதியம் எல்லோருக்கும் பொதுவான வகுப்பு. மற்ற நாட்களில் தனிப்பாடம். மாணவர்கள் அவரை 'மத்மொசேல்' (பிரெஞ்சில் 'செல்வி') என்றே அழைத்தார்கள். மேடையிலும் முன்னோடி: 1937இல் லண்டன் ராயல் பில்ஹார்மானிக் சொசைட்டியின் கச்சேரியையும், 1938இல் பாஸ்டன் சிம்பொனியையும் நடத்திய முதல் பெண் அவர்தான்.

ஆசிரியை, சரி. இசையமைப்பாளர் என்று ஏன் சேர்த்துச் சொல்கிறீர்கள்?

அவர் எழுதிய இசையை மறந்துவிட்டு அவரைப் பற்றிப் பேசுவது எனக்குப் பிடிக்காது. 1908இல் பிரான்சின் பெரிய இசைப் போட்டியான ரோம் பரிசில் இரண்டாம் இடம் பெற்றார். அந்த வருடம் குரல்களுக்கு எழுத வேண்டிய ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் இசைவடிவம்) ஒன்றை அவர் வாத்தியங்களுக்கு எழுதிக் கொடுக்க, மூத்த இசையமைப்பாளர் சான்-சான்ஸ் கடுமையாக எதிர்த்தார். பத்திரிகைகள்வரை போன சண்டை அது. ஆர்கன் துண்டுகள், செல்லோவுக்கும் பியானோவுக்குமான மூன்று துண்டுகள், பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்த ஒரு ஃபாந்தசி, நிறையப் பாடல்கள், பியானோ கலைஞர் ரவுல் புன்யோவோடு சேர்ந்து எழுதிய ஒரு ஆப்பெரா என்று வேலை இருக்கிறது. ஆப்பெரா மேடையேறும் முன்பே 1914 ஜனவரியில் புன்யோ மாஸ்கோவில் இறந்தார். அதே வருடம் போரும் வந்தது.

தங்கை லிலி 1913இல் அதே ரோம் பரிசின் முதலிடத்தைப் பெற்றார். இசைப் பிரிவில் அதைப் பெற்ற முதல் பெண் அவர். 1918 மார்ச் 15 அன்று, 24 வயதில், லிலி இறந்தார். அதற்குப் பிறகு சில வருடங்களிலேயே நாடியா எழுதுவதை நிறுத்திவிட்டார். லிலியின் இசையை உலகுக்குக் கொண்டுபோவதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். சேகரிப்பவர் கவனிக்க வேண்டியது இது: அவர் சொந்த இசைத் தாள்களின் அச்சுப் பிரதிகள் ஏறக்குறைய 1909 முதல் 1922 வரையான ஒரு குறுகிய காலத்துக்குள் அடங்கிவிடும். கடிதங்களோ எழுபது வருடத்துக்கும் மேல் நீள்கின்றன.

எல்லாம் ஏற்கனவே நூலகத்துக்குப் போயிருக்குமே? விலைக்கு என்ன மிச்சம் இருக்கும்?

இங்கே இரண்டு திசைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் அவருக்கு எழுதியவை அவர் வீட்டில் இருந்தன. அவர் எதையும் எளிதில் தூக்கிப் போடுகிறவர் இல்லை. அந்தப் பெருந்தொகுப்பு இன்று பாரிஸில் உள்ள பிரான்ஸ் தேசிய நூலகத்தின் இசைப் பிரிவில் இருக்கிறது. அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வினைப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லி 1928 மார்ச்சில் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் எழுதிய கடிதம் அந்த வகை. (அவர் கெர்ஷ்வினை எடுத்துக்கொள்ளவில்லை, அவருக்குக் கற்றுக்கொடுக்கத் தன்னிடம் எதுவும் இல்லை என்று நினைத்தார்.) அவருடைய புத்தகங்களிலும் இசைத் தாள்களிலும் பெரும்பகுதி லியோன் நகர தேசிய இசைக் கல்லூரிக்குப் போனது. அங்குள்ள நூலகத்துக்கு அவர் பெயர்தான்.

அவர் மற்றவர்களுக்கு எழுதியவை உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. காப்லண்டைப் போன்ற பிரபலங்களின் தாள்கள் வாஷிங்டன் காங்கிரஸ் நூலகம் போன்ற இடங்களில் பத்திரமாக உள்ளன. ஆனால் பிரபலமாகாத மாணவர்கள்தான் அதிகம்: ஊர்ப்பள்ளி இசை ஆசிரியர்கள், தேவாலய ஆர்கன் வாசிப்பவர்கள், ஒரு கோடை மட்டும் வந்து போனவர்கள். அவர்களின் அலமாரிகளில் இருந்துதான் இன்றும் கடிதங்கள் வெளியே வருகின்றன. அதனால் பாரிஸைப் போலவே அமெரிக்காவிலும் தேட வேண்டும்.

இணையத்தில் தேடினால் வேறு யார் யாரோ வருகிறார்களே?

வருவார்கள். முதலில் வருபவர் ஜெனரல் பூலான்ஜே, 1880களின் பிரெஞ்சு அரசியல்வாதி. அவர் படம் போட்ட தட்டு, பைப், பாட்டுத் தாள் எல்லாம் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. நாடியாவுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அதே பெயரில் வீட்டுச் சாதனங்கள் விற்கும் ஒரு பெரிய கடைத்தொடரும் பிரான்சில் உண்டு.

குடும்பத்துக்குள்ளேயே குழப்பம் வரும் என்பதுதான் முக்கியம். அப்பா எர்னெஸ்ட் (1815–1900) இசையமைப்பாளர், 1835இல் ரோம் பரிசு வென்றவர். அப்பாவின் அம்மா மரி-ஜூலி பாரிஸின் ஆப்பெரா-கொமிக் மேடையில் பெயர் பெற்ற பாடகி. 'மதாம் பூலான்ஜே' என்று போட்ட பழைய கல்லச்சுப் படம் கிடைத்தால் அது பாட்டி. அதுவும் இந்தச் சேகரிப்பில் சேரத் தகுந்ததுதான், பேத்தி என்று நினைத்து வாங்கக் கூடாது, அவ்வளவே. முழுப்பெயரோடு காப்லண்ட், ஃபோந்தேன்ப்ளோ (அவர் கோடையில் கற்பித்த ஊர்), ரூ பல்யூ போன்ற சொற்களையும் சேர்த்துத் தேடினால் வேண்டியது சீக்கிரம் கிடைக்கும்.

விற்பனைப் பட்டியலில் எல்.ஏ.எஸ்., எல்.எஸ். என்று போடுகிறார்களே, அது என்ன?

பிரெஞ்சு வியாபாரிகளின் சுருக்கெழுத்து. எல்.ஏ.எஸ். என்றால் முழுக்கத் தன் கையால் எழுதிக் கையெழுத்திட்ட கடிதம். எல்.எஸ். என்றால் கையெழுத்து மட்டும் அவருடையது. உள்ளே இருப்பது தட்டச்சு, அல்லது வேறொருவர் கை. சி.ஏ.எஸ். என்றால் கார்டு.

அவர் விஷயத்தில் இந்த வித்தியாசம் கூடுதலாக முக்கியம். கடைசிக் காலத்தில் பார்வை மங்கி, ஏறக்குறைய போயேவிட்டது. 1970களின் கடிதங்கள் பலவும் அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதியவை. கீழே ஆடிப்போன ஒரு கையெழுத்து மட்டும் இருக்கும். அவை தரம் குறைந்தவை என்று நான் ஒதுக்குவதில்லை. தொண்ணூறை நெருங்கும் வயதில், கண் தெரியாமல், மாணவருக்குப் பதில் போகவேண்டும் என்று உட்கார்ந்து சொன்னவை அவை.

என்ன விலை ஆகும்? சாதாரண சம்பளக்காரர் வாங்க முடியுமா?

முடியும். அவர் சின்னச் சின்னக் குறிப்புகளை ஏராளமாக எழுதியவர் என்பதால், ஒரு நன்றிக் கார்டோ வாழ்த்தோ ஓரிரு நூறு யூரோவுக்குள் கிடைப்பது வழக்கம். இசையைப் பற்றிப் பேசும் நீண்ட கடிதம், பெரிய பெயருக்கு எழுதியது, லிலியைப் பற்றியது, 1914–18 போர்க்காலத்தது என்றால் விலை ஏறும். எல்.எஸ். எப்போதும் எல்.ஏ.எஸ்.ஸைவிடக் குறைவு.

பாரிஸில் துரூவோ ஏல மாளிகையில் வாங்குவதாக இருந்தால் ஒன்றை மறக்க வேண்டாம். சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் என்று சுமார் 25 முதல் 30 சதவீதம் சேரும். கை தூக்கும் முன்பே அதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

"வியாழன் நான்கு மணிக்கு வாருங்கள்" என்று இரண்டு வரி. இதற்கெல்லாமா காசு கொடுப்பது?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நான் தேடுவதும் பெரும்பாலும் இந்த மாதிரிக் குறிப்புகளைத்தான்.

நாடியா பாடநூல் எழுதிவைத்தவர் இல்லை. அவர் கற்பித்தது ஆளுக்கு ஆள், எதிரெதிரே உட்கார்ந்து. ஒவ்வொரு மாணவருக்கும் பாடம் வேறு. பியாசோலாவிடம் சிம்பொனியை விட்டுவிட்டு உன் டாங்கோவை வாசி என்றார். இன்னொருவரிடம் மாதக்கணக்கில் ஹார்மனி (சுரங்களை ஒன்றாக அடுக்கி இசைக்கும் முறை) பயிற்சி மட்டும் செய்யச் சொன்னார். அந்த ஆசிரியை எப்படி வேலை செய்தார் என்று தெரியவேண்டுமானால் யாரை எப்போது வரச் சொன்னார், யாருக்குக் கட்டணத்தைத் தள்ளிப்போட்டார், உடம்பு சரியில்லாத மாணவருக்கு என்ன எழுதினார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதெல்லாம் இந்த இரண்டு வரிக் குறிப்புகளில்தான் இருக்கிறது. ஒன்றைத் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஒரே மாணவருக்கு ஒரே வருடம் எழுதிய பத்துக் குறிப்புகளை வரிசைப்படுத்தி வைத்தால், அந்த ஒரு வருடப் பாடம் எப்படிப் போனது என்பது கண் முன்னால் வந்து நிற்கும்.

அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: பெரிய பெயருக்கு எழுதிய ஒன்றைவிட, யாரும் அறியாத ஒரு மாணவிக்கு எழுதிய ஒரு கடிதக் கட்டு கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

கடிதத்தில் கிழமை மட்டும் இருக்கிறது, வருடமே இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுதான் இந்தச் சேகரிப்பின் சுவையான பகுதி. முகவரி உதவாது, 1904 முதல் 1979 வரை ரூ பல்யூ 36தான். முகவரி மாறும் இடங்கள்தான் உதவும். கார்ஜான்வீல் என்றிருந்தால் ஊருக்கு வெளியே இருந்த கோடை வீடு. ஃபோந்தேன்ப்ளோ என்றிருந்தால் 1921இல் தொடங்கிய அமெரிக்க இசைப்பள்ளி, கோடை மாதங்கள். இரண்டாம் உலகப் போரில் 1940 முதல் 1946 தொடக்கம்வரை அவர் அமெரிக்காவில் இருந்தார். அப்போதைய கடிதங்கள் அங்கிருந்து போனவை.

கிழமையும் தேதியும் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது. 'புதன், மார்ச் 15' என்று ஒரு தாளில் இருக்கிறது என்று வையுங்கள். அது 1922, 1933, 1939, 1944, 1950, 1961 ஆகிய வருடங்களுக்குப் பொருந்தும். அவற்றுக்கு முன்னும் பின்னும் சில வருடங்கள் உண்டு. பாரிஸில் எழுதியது என்றால் 1944 போய்விடும். அம்மாவைப் பற்றி, இருக்கிறவரைப் பற்றிப் பேசுவதுபோல் பேச்சு இருந்தால் 1935க்கு முன். அம்மா ரெய்சா அந்த வருடம் மார்ச்சில் இறந்தார். மார்ச் 15 லிலியின் நினைவு நாள் என்பதால் அன்றைய கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். தாளுக்குக் கருப்புக் கரை போட்டிருந்தால் அது துக்க காலத் தாள்.

உறை இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. தபால் முத்திரை தெளிவில்லாவிட்டாலும் வேறு அடையாளங்கள் உண்டு. பிரான்சில் 75009 போன்ற ஐந்திலக்க அஞ்சல் குறியீடு 1972இல்தான் வந்தது. அச்சடித்த தாளில் தொலைபேசி எண் எழுத்தில் தொடங்கினால் பெரும்பாலும் 1963க்கு முன். காற்றழுத்தக் குழாய் வழியாகப் பாரிஸுக்குள்ளேயே ஓடிய 'நூமதீக்' தபால் என்றால் 1984க்குள் எந்த வருடமும் இருக்கலாம். அதில் அனுப்பிய நேரம்கூட முத்திரையில் இருக்கும்.

போலிக் கடிதங்கள் உண்டா?

பெத்தோவன் அளவுக்கு விலை இல்லாததால் திட்டமிட்ட போலி குறைவு. அடிக்கடி நடப்பது ஆள் மாறாட்டம்: செயலாளர் எழுதியதை எல்.ஏ.எஸ். என்று விற்பது, அச்சடித்த கையெழுத்தை நிஜம் என்று நினைப்பது. உருப்பெருக்கியில் பார்த்தால் அச்சு புள்ளிபுள்ளியாகத் தெரியும்; பேனா மை தாளின் இழைகளில் இறங்கியிருக்கும்.

இன்னும் சந்தேகம் என்றால் புற ஊதா விளக்கு. தாளை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் ரசாயனம் ஏறக்குறைய 1950க்குப் பிறகு பரவியது. 1925 என்று தேதி போட்ட தாள் அந்த விளக்கில் நீலவெள்ளையாகப் பளிச்சென்று மின்னினால் வாங்காதீர்கள். பால்பாயின்ட் பேனாவும் அப்படித்தான். பிரான்சில் அது மலிவாகக் கைக்கு வந்தது 1950 கடைசியில்.

கடிதம் தவிர வேறு என்ன சேர்க்கலாம்?

நிகழ்ச்சித் தாள்களில் இருந்து தொடங்குங்கள். 1925 ஜனவரி 11 அன்று நியூயார்க் ஏயோலியன் ஹாலில் வால்டர் டாம்ரோஷ் நடத்த, காப்லண்ட் அவருக்காகவே எழுதிய ஆர்கன் சிம்பொனியை நாடியா வாசித்தார். அதன் நிகழ்ச்சித் தாள் கிடைத்தால் விடக் கூடாது. 1938 மே 8 அன்று வாஷிங்டனில் டம்பார்ட்டன் ஓக்ஸ் மாளிகையில் ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் புதிய கான்செர்ட்டோவை அவர் முதன்முதலாக நடத்தியது, 1956இல் மொனாக்கோ இளவரசரும் கிரேஸ் கெல்லியும் மணந்தபோது இசைக்குப் பொறுப்பாக இருந்தது ஆகியவற்றின் தாள்களும் அப்படியே. சிங்கர் தையல் இயந்திரக் குடும்பத்தில் பிறந்த போலினியாக் இளவரசியின் பாரிஸ் வீட்டில் 1930களில் நடந்த கச்சேரிகளின் தாள்கள் அழகானவை.

எனக்கு மிகவும் பிடித்தவை முதல் உலகப் போர்க்காலத் தாள்கள். 1915இல் நாடியாவும் லிலியும் சேர்ந்து, போருக்குப் போன இசைக்கல்லூரி மாணவர்களுக்கு உதவ ஒரு பிரெஞ்சு-அமெரிக்கக் குழு அமைத்தார்கள். போர்முனையில் யார் எங்கே இருக்கிறார், யார் காயம்பட்டார், யார் இறந்தார் என்று மாணவர்களின் சொந்த வரிகளைத் தொகுத்து ஒரு சிறு பத்திரிகையாக அச்சடித்து அனுப்பினார்கள். 28 வயதும் 22 வயதுமான இரண்டு சகோதரிகள் செய்த வேலை அது. அந்தத் தாள்கள் பிரெஞ்சு இசை உலகின் ஒரு தலைமுறையின் பெயர்ப் பட்டியல். குழுவின் பெயர் போட்ட வெற்றுத் தாள் கிடைத்தாலும் நான் வாங்குவேன்.

பழைய இத்தாலிய இசையமைப்பாளர் மான்டிவெர்டியின் இசையை 1937இல் அவர் நடத்திப் பதிவான இசைத்தட்டுகளும் உண்டு. இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் யாரும் அதிகம் கேட்காத இசையைச் சாதாரணக் கேட்பவர்களிடம் கொண்டுபோனவை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தப் பழைய தட்டுகள் கனமானவை, எளிதில் உடையும். தபாலில் வரவழைப்பதைவிட நேரில் எடுத்துவருவது நல்லது.

ஒரு மாணவரின் ஹார்மனி நோட்டு கிடைத்தது. பென்சில் திருத்தங்கள் அவர் கைதானா?

கவனம் தேவை. நோட்டில் இரண்டு மூன்று பேரின் கைகள் இருக்கலாம். நாடியாவின் நெடுங்கால உதவியாளர் ஆனெத் தியூதோனே. சுரப்பயிற்சியும் அடிப்படைகளும் பல மாணவர்களுக்கு அவர்தான் நடத்தினார். மாணவரே வகுப்பில் குறித்துக்கொண்டதும் இருக்கும். குறிகளை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். உறுதியான எல்.ஏ.எஸ். ஒன்றின் எழுத்துகளோடு, சொற்களாக எழுதிய திருத்தங்களை ஒப்பிடுங்கள். இணை ஐந்தாம் சுரங்களை (ஹார்மனிப் பயிற்சியில் பிழையாகக் கருதப்படுவது) சுட்டும் வெறும் கோடுகளை யார் கை என்று யாராலும் சொல்ல முடியாது.

யார் கை என்று தெரியாவிட்டாலும் நோட்டுக்கு மதிப்பு உண்டு. கொடுத்த பாஸ் வரி (அடிச்சுர வரி) என்ன, மாணவர் எப்படி நிரப்பினார், எங்கே தடுக்கப்பட்டார் என்பது அதில் இருக்கிறது. மேலே இரண்டு வரிக் குறிப்புகளைப் பற்றிச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

ஒரு கட்டு வாங்கி, நல்லதை வைத்துக்கொண்டு மீதியை விற்றால் என்ன?

சட்டப்படி உங்கள் உரிமை. ஆனால் தயவுசெய்து வேண்டாம். ஒரு மாணவியின் குடும்பம் விற்ற கட்டு ஒன்று ஒரு வியாபாரியிடம் முழுதாக இருந்ததைப் பார்த்தேன். பணம் புரட்டிக்கொண்டு திரும்பிப் போவதற்குள் உறைகள் தபால்தலைக்காரர் ஒருவருக்கும், நான்கு நல்ல கடிதங்கள் ஆளுக்கொன்றாகவும் போய்விட்டன. மிச்சம் இருந்தவற்றில் தேதியே இல்லை. வருடத்தைக் கண்டுபிடிக்க உறை எவ்வளவு உதவும் என்று மேலே பார்த்தோம். உறைகள் போனதும் அந்தக் கடிதங்களின் வரிசையும் போனது. இனி யாராலும் அதைத் திரும்பச் சேர்க்க முடியாது.

பிரித்தே ஆகவேண்டிய நிலை என்றால், முதலில் எல்லாவற்றையும் உறையோடு சேர்த்துப் படமெடுத்து, வரிசை எண் கொடுத்து, அந்தப் பட்டியலின் ஒரு பிரதியை ஒவ்வொரு கடிதத்தோடும் கொடுத்துவிடுங்கள்.

ஸ்ட்ராவின்ஸ்கி அவருக்கு எழுதிய கடிதம் என்று ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?

அவருக்கு வந்த கடிதங்கள் பெரும்பாலும் தேசிய நூலகத்தில் என்று சொன்னேன் அல்லவா? அதனால் அப்படி ஒன்று வெளியே வந்தால் முதல் கேள்வி, எப்படி வெளியே வந்தது என்பதுதான். நேர்மையான வழிகள் உண்டு: நாடியாவே ஒரு மாணவருக்குப் பரிசாகக் கொடுத்திருக்கலாம், எழுதியவர் அனுப்பாமல் வைத்திருந்த வரைவாக இருக்கலாம். விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். நூலக முத்திரை இருக்கிறதா, அல்லது அதை அழித்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிரான்சில் பொதுச் சேகரிப்பில் உள்ள பொருளை விற்க முடியாது. எத்தனை வருடம் கழித்தும் அரசு திரும்பக் கேட்கலாம். நல்ல எண்ணத்தோடு வாங்கியவரிடமிருந்தும் போய்விடும். சந்தேகம் தீரவில்லை என்றால் நூலகத்தின் இசைப் பிரிவுக்கே எழுதிக் கேளுங்கள்.

கடிதம் என்னுடையது. ஸ்கேன் செய்து பேஸ்புக்கில் போடலாம்தானே?

தாள் உங்களுடையது, எழுத்து உங்களுடையது இல்லை. கடிதத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. நாடியா இறந்தது 1979 என்பதால் பிரான்சில் 2049 கடைசிவரை பாதுகாப்பு உண்டு. அதுவரை முழுக் கடிதத்தை வெளியிட அனுமதி வேண்டும். பாரிஸில் உள்ள நாடியா–லிலி பூலான்ஜே சர்வதேச மையத்திடம் தொடங்குங்கள். லிலி 1918இல் இறந்ததால் அவர் எழுத்தின் காலம் முடிந்துவிட்டது. ஆனால் முன்பு எங்கும் அச்சாகாத கடிதம் என்றால் தனி விதிகள் உண்டு, கேட்டுக்கொள்வது நல்லது.

கடிதத்தின் பொருளை உங்கள் சொற்களில் எழுதலாம். ஓரிரு வரி மேற்கோள் காட்டி விளக்கலாம். ஆய்வு செய்கிறவருக்குத் தனிப்பட்ட முறையில் காட்டலாம்.

பிரான்சில் வாங்கி ஊருக்கு எடுத்துப் போகலாமா?

பழைய கையெழுத்துப் பிரதிகளும் ஆவணங்களும் பிரான்சை விட்டு வெளியேற, வயதையும் மதிப்பையும் பொறுத்து, ஏற்றுமதிச் சான்றிதழ் தேவைப்படலாம். ஏல மாளிகைகளுக்கும் பதிவு பெற்ற வியாபாரிகளுக்கும் இது அன்றாட வேலை; பணம் கட்டும் முன்பே கேளுங்கள். ரசீதைக் கடிதத்தோடு சேர்த்து வையுங்கள், பின்னாளில் அதுவே வந்த வழிக்குச் சான்று.

பிரெஞ்சு தெரியாது. எனக்கு இது ஒத்துவருமா?

வரும். அமெரிக்க மாணவர்களுக்கு அவர் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறார். பிரெஞ்சுக் கடிதங்களில் நன்றி, நேரம், வாழ்த்து, இரங்கல் என்று திரும்பத் திரும்ப வரும் சொற்கள் கொஞ்சம்தான், பழகிவிடும். கையெழுத்தைப் படிப்பதுதான் சிரமம். அதற்கு அச்சில் வந்த ஒரு கடிதத்தையும் அதன் மூலப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பழகுங்கள்.

எப்படிப் பாதுகாப்பது? லேமினேஷன் போட்டால் போதுமா?

லேமினேஷன் வேண்டவே வேண்டாம், திரும்ப எடுக்க முடியாது. செலோ டேப், ஸ்டேப்ளர், பி.வி.சி. உறைகள் எல்லாமே தாளைக் கெடுக்கும். அமிலமில்லாத தாள் உறை அல்லது பாலியெஸ்டர் உறை, அதை வைக்க அமிலமில்லாத பெட்டி. 18 முதல் 20 டிகிரி வெப்பம், 40 முதல் 50 சதவீத ஈரப்பதம், இருட்டு. சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் ஈரம்தான் எதிரி. மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, சின்ன ஈரப்பதமானி ஒன்றும் வைத்து, மழைக்காலத்தில் அடிக்கடி பாருங்கள். குறிப்பு எழுதுவதானால் பென்சிலால், கடிதத்தில் இல்லை, உறையில். கண்ணாடிச் சட்டத்தில் மாட்ட ஆசை என்றால் நல்ல நகலை மாட்டுங்கள்.

பாரிஸ் வந்தால் எதைப் பார்க்கலாம்?

நம் ஆட்கள் எல்லோரும் எப்படியும் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேலுக்கு வருவீர்கள். அங்கிருந்து அதே 2ஆம் எண் மெட்ரோவில் ஐந்தாவது நிறுத்தம் பிளாஸ் த கிளிஷி. இறங்கிச் சிறிது நடந்தால் ரூ பல்யூ வீடு; அதன் முன்னால் உள்ள சதுக்கத்துக்கு இப்போது லிலியின் பெயர். மறுபக்கம் நடந்தால் மோன்மார்த்ர் கல்லறை. அக்காவும் தங்கையும் பெற்றோரோடு அங்கே இருக்கிறார்கள். தேசிய நூலகத்தில் மூலக் கடிதங்களைப் பார்க்க முன்பதிவும் வாசகர் அட்டையும் வேண்டும். எந்தக் கடிதம், எதற்காக என்று முன்பே எழுதிக் கேளுங்கள்.

நான் வாங்கிய கடிதம் ஒரு குழந்தை இறந்ததற்கு எழுதிய இரங்கல். வைத்திருக்கவே சங்கடமாக இருக்கிறது.

இப்படிப்பட்டவை நிறைய வரும். தங்கையை இழந்தவர், ஆண்டுதோறும் மார்ச்சில் அவருக்காகவும் அம்மாவுக்காகவும் திருப்பலி வைத்தவர். மற்றவர்களின் இழப்பை அவர் மறக்கவில்லை. அந்தக் கடிதங்களில் அவர் மிக நேராகப் பேசுவார். அவரைப் புரிந்துகொள்ள அவை வேண்டும். ஆனால் அது ஒரு குடும்பத்தின் துக்கம் என்பதும் உண்மை.

நான் செய்வது இது: அப்படிப்பட்ட கடிதத்தை யாருக்கும் படமாக அனுப்புவதில்லை, பேச்சில் பெயரைச் சொல்வதில்லை. விற்றவர் வழியாகக் குடும்பத்தைத் தொடர்புகொள்ள முடிந்தால், இது என்னிடம் இருக்கிறது, நகல் வேண்டுமா என்று ஒரு வரி எழுதிக் கேட்கிறேன். சிலர் வேண்டாம் என்பார்கள், அதோடு விட்டுவிட வேண்டும். மூலத்தையே திரும்பக் கேட்டால், வாங்கிய விலைக்குக் கொடுத்துவிட்டு, அவர்கள் சம்மதித்தால் ஒரு படத்தை மட்டும் அந்த மாணவரின் கடிதக் கட்டுக்குள் அது இருந்த இடத்தில் வையுங்கள்.